முப்பத்தெட்டாம் வளைவும் ஒரு கிரீம் கலர் பத்மினியும்

பின் டயருக்கு அடியில் கல் வந்து விழுந்தது. டொக்கென்று ஒரு சத்தம். அப்புறம் அதைக் காலால் உதைத்து இறுக்குகிற சத்தம். நான் அம்பாசிடரின் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் நின்று போயிருந்தது. பக்கத்து சீட்டில் என் மனைவி எஸ்தர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

“பிரேக்க விட்டுறாதீங்க சார். இன்னொரு கல்லு வெச்சுக்கறேன்.”

நான்கு மாதம் கழித்து மாரப்பன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. கொல்லிமலை ரோட்டில், கொண்டை ஊசி வளைவு முப்பத்தொன்றில், பட்டப்பகல் வெயிலில், சரிவில் மாட்டிக்கொண்ட வண்டிக்குள் இருந்தபடி நான் கேட்டேன். அறுபத்து நான்கு வயதில் ஒரு மனுஷன் கார் நின்று போனதற்காகச் சந்தோஷப்பட்டு அழுதான் என்றால் நம்புவீர்களா? எனக்கு அப்படித்தான் ஆயிற்று. எஸ்தர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையை நீட்டினாள். 

மாரப்பன் என்னோடு பேசாமல் போனதற்குக் காரணம் இந்தத் தொடர்தான். நான்கு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு அத்தியாயம்.

நான் எழுதியது

அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலிருக்கும். செம்மேட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் என்னை உதவியாளராகப் போட்டார்கள். நாமக்கல்லிலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு மலை ஏறினோம். என்னிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர். நண்பர் ஒருவரிடம் கிரீம் கலரில் ஒரு பத்மினி. இரண்டும் அப்போதே கைமாறி வந்த பழைய வண்டிகள். இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். எழுபது வளைவையும் என் அம்பாசிடர் நிற்காமல் ஏறியது. பத்மினி முப்பத்தெட்டாம் வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

இவ்வளவையும் நகைச்சுவையாக எழுதியிருந்தேன். நாலு பேர் போன் பண்ணிப் பாராட்டினார்கள். நண்பரின் பெயரைப் போடவில்லை, நாகரிகமாக நடந்துகொண்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

பெயர் போட வேண்டிய அவசியமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த மலையில் கிரீம் கலர் பத்மினி ஒன்றுதான் உண்டு. அதை ஓட்டுகிறவர் முள்ளுக்குறிச்சி மாரப்பன் என்பது செம்மேட்டு டீக்கடையில் பஜ்ஜி போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

இரண்டு பானெட்டுகள்

மாரப்பன் விவசாயி. முள்ளுக்குறிச்சியில் மலையடிவாரத்தில் சொந்த நிலம். மரவள்ளியும் கடலையும் போடுவார். பலா சீசனிலும் மிளகு சீசனிலும் மலைமேல் வளப்பூர் நாட்டுக்குப் போய்ச் சரக்கு வாங்கி வந்து கீழே கொடுப்பார். அந்த வேலைக்கெல்லாம் ஜீப்பு வைத்திருப்பார்கள். இவர் ராசிபுரத்து டாக்டர் ஒருவரிடமிருந்து பத்மினியை வாங்கி, பின் சீட்டில் பலாப்பழத்தை உட்கார வைத்துக் கூட்டி வருவார். நான் கேலி செய்தால், டாக்டர் வண்டிங்க சார், நோயாளி எப்பிடி இருந்தாலும் ஏத்திக்கும் என்பார்.

ராசிபுரத்தில் ஒரு மெக்கானிக் கடையில்தான் எங்களுக்குப் பழக்கம். இரண்டு வண்டியும் பானெட்டைத் திறந்துகொண்டு பக்கம் பக்கமாக நிற்கும். மெக்கானிக் சாப்பிடப் போனால் இரண்டு மணி நேரம் வர மாட்டார். எங்களுக்குப் பேச்சு அந்த ஒன்றுதான். எது நல்ல வண்டி?

அந்த விவாதம் முப்பது வருஷம் நடந்தது. அவர் மகள் கல்யாணத்தில், பந்தியில் இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு நடந்தது. என் அறுவை சிகிச்சை முடிந்து நான் மயக்கம் தெளிந்தபோது, பிஸ்டன் ரிங் மாத்தியாச்சா என்று விசாரித்து மாரப்பன் அதை மறுபடி தொடங்கி வைத்தார். அவரைத் தவிர அந்தக் கேள்வியை அந்த நேரத்தில் கேட்க இந்த உலகத்தில் எனக்கு வேறு ஆள் கிடையாது.

காகிதத்தில் யார் பெரியவர்

வண்டி ஓட்டியிராத வாசகர்களும் இருப்பீர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன்.

என் அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜின் ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது சிசி. பத்மினிக்கு ஆயிரத்து எண்பத்தொன்பது. சரியாக நானூறு கம்மி. இந்த நானூறை வைத்துக்கொண்டே நான் பத்து வருஷம் மாரப்பனை ஓட்டினேன். சக்தியில் என் வண்டிக்கு ஏறக்குறைய ஐம்பது குதிரை. அவருடையதற்கு நாற்பது சொச்சம்.

மாரப்பன் அசரமாட்டார். உங்க வண்டி ஆனைங்க சார், அத நகத்தவே பாதிக் குதிர போயிருமே என்பார். அதிலும் நியாயம் இருந்தது. அம்பாசிடர் ஆயிரத்து நூறு கிலோவுக்குக் குறையாது. பத்மினி தொள்ளாயிரத்தைத் தொடாது.

இரண்டுக்கும் கியர் ஸ்டீரிங்குக்குக் கீழேதான், நாலு கியர். இரண்டுக்கும் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பத்மினியின் ஸ்டீரிங் இலேசானது, கொண்டை ஊசி வளைவில் மனசில் நினைத்தாலே திரும்பும். அம்பாசிடரோடு ஒவ்வொரு வளைவிலும் மல்லுக்கட்ட வேண்டும், மேலே போய்ச் சேரும்போது தோள்பட்டை கழன்றிருக்கும். ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் அம்பாசிடர் ராஜா. வயிறு தட்டாது. பத்மினியோ பெரிய கல்லைப் பார்த்தால் ஒதுங்கிப் போக வேண்டும். அம்பாசிடர் இரண்டாம் கியரில் நிதானமாக இழுக்கும். பத்மினியை விரட்டிக்கொண்டே இருந்தால்தான் ஏறும்.

ஒருநாள் ஆபீசில் வேலையில்லாமல் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியின் எடையைக் குதிரைகளால் வகுத்தேன். அம்பாசிடரில் ஒரு குதிரைக்கு இருபத்திரண்டு கிலோ. பத்மினியிலும் கிட்டத்தட்ட அதே இருபத்திரண்டு கிலோ. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தத் தாளை மாரப்பனிடம் நான் காட்டவே இல்லை.

ஆக, காலி வண்டியாக ஏறினால் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. எதில் எவ்வளவு பாரம் ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டேதான் நான் அந்த அத்தியாயத்தை எழுதினேன்.

எழுதாமல் விட்டது

பத்திரிகை வந்த அன்று எஸ்தர் அதைப் படித்து முடித்து, மடித்து மேஜையில் வைத்தாள். அவள் முப்பது வருஷம் டீச்சர். திருத்துகிற நோட்டை எப்படி வைப்பாளோ அப்படி வைத்தாள்.

“ஆட்டுக்கல்லை எங்கே இறக்கினீங்க?” என்று கேட்டாள்.

 ஆமாம், ஆட்டுக்கல். மலையில் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம், அதனால் ஆட்டுக்கல் இல்லாமல் வரமாட்டேன் என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். அந்த ஆட்டுக்கல் பத்மினியில்தான் போயிற்று. ஒரு மூட்டை அரிசியும் தையல் மிஷினும் பத்மினியில்தான். எஸ்தரும் எங்கள் இரண்டு பெண்களும்கூட பத்மினியில்தான். என் அம்பாசிடரில் நானும், நாலு தலையணையும், ஒரு பாயும்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் நேரான ரோட்டில், எதிரில் ஒரு வண்டியும் இல்லாதபோது, குடும்பத்தோடு காரை வாய்க்காலில் இறக்கியிருந்தேன். எழுபது வளைவுக்கு என்னை நம்பிப் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று எஸ்தர் தீர்மானமாகச் சொன்னாள். ஆள் எந்த வண்டியில் போகிறதோ அதில்தான் சாமானும் என்றாள். மாரப்பன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார்.

இப்போது வகுத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பத்மினியில் ஒரு குதிரைக்கு முப்பது கிலோ. என் வண்டியில் இருபத்து நாலு.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தெட்டாம் வளைவில் மாரப்பன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என் பெண்கள் ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினார்கள். நான் நிறுத்தவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனேன். மேலே சோளக்காட்டில் போய் டீ குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

ஜெயித்த மிதப்பில் போனேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நிஜம் அது இல்லை. ஏற்றத்தில் நிறுத்தின வண்டியை மறுபடி எடுக்க எனக்குத் தெரியாது. நிறுத்தினால் பின்னால் உருண்டுவிடும் என்று பயம். அந்தப் பயத்தைத்தான் முப்பது வருஷம் வெற்றி என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நம்பர் சொல்லும் மலை

கொல்லிமலையில் இடம் சொல்ல நம்பர்தான். லாரி எங்கே நிற்கிறது என்றால் பதினாறில் என்பார்கள். மழையில் மண் சரிந்தால் நாற்பத்தொன்று அடைத்துக்கொண்டது என்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதிய பலகை உண்டு. நான் இடம் தவறாமல் துல்லியமாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு முப்பத்தெட்டு என்று எழுதித் தொலைத்தேன்.

அது மாரப்பனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. செம்மேட்டில் அவர் வண்டியை விட்டு இறங்கினால், முப்பத்தெட்டு வந்தாச்சு என்கிறார்களாம். வளப்பூரில் மிளகு எடை போடுகிற இடத்தில், எண் முப்பத்தெட்டு வந்ததும் மூச்சு வாங்குகிற மாதிரி நடித்துக் காட்டுகிறார்களாம். இதெல்லாம் மெக்கானிக் எனக்குச் சொன்னது. மாரப்பன் சொல்லவில்லை. அவர் என் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

முதல் வாரம் கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். இரண்டாம் மாதம் எனக்கே கோபம் வந்தது. ஒரு காரை வைத்து என்ன இவ்வளவு ரோஷம் என்று எஸ்தரிடம் கத்தினேன். மூன்றாம் மாதம் தூக்கம் போயிற்று. ஏதாவது ஒரு பழைய காரைத் தெருவில் பார்த்தால் உடனே போனை எடுப்பேன், அப்புறம் யாருக்குச் சொல்வது என்று வைத்துவிடுவேன். நாமக்கல்லில் எனக்குத் தெரிந்தவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். நண்பர் என்று நான் சொல்லிக்கொள்ள இருந்தது அவர் ஒருவர்தான்.

கடைசியில் எஸ்தர்தான் போன் செய்தாள். அவள் கூப்பிட்டால் எடுப்பார், டீச்சரம்மா அல்லவா. என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. வந்து முடிவைச் சொன்னாள். அதே ரோடு, அதே இரண்டு வண்டி, பாரத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மாரப்பன் வளப்பூரில் ஒரு வீட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு நாலு மூட்டை கொடுக்க வேண்டியிருந்தது. அது என் வண்டியில். எஸ்தரும் என் வண்டியில். பத்மினியில் அவர் மட்டும்.

முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்தே இப்போது மலைக்கு ரோடு இருக்கிறது. ஆனால் அந்த எழுபது வளைவில்தான் ஏற வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

மறுபடியும் முப்பத்தொன்று

மலையடிவாரத்தில் காரவள்ளியில் காலை பதினோரு மணிக்குச் சந்தித்தோம். மாரப்பன் எஸ்தரைப் பார்த்துக் கும்பிட்டார். என்னைப் பார்க்கவில்லை. மூட்டைகளைத் தானே தூக்கி என் வண்டியில் அடுக்கினார். டிக்கியில் இரண்டு, பின் சீட்டில் இரண்டு. என் வண்டியின் பின்பக்கம் தரையைப் பார்க்க இறங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்தார், டயரில் காற்றை ஒரு உதை உதைத்துச் சோதித்தார், போய்த் தன் வண்டியில் ஏறிக்கொண்டார்.

பத்மினி முன்னால் போயிற்று. பத்தாவது வளைவு வரைக்கும் அதன் பின்பக்கம் என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் ஹாரன் சத்தம் மட்டும் மேலேயிருந்து கேட்டது. என் வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு வந்தது. இருபதுக்கு மேல் முதல் கியர். பெட்ரோல் வாடை உள்ளே வர ஆரம்பித்தது. எஸ்தரின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தைந்தாம் வளைவில் எனக்குள் அந்தப் பழைய ஆள் தலைதூக்கினான். எப்படியாவது முப்பத்தெட்டைத் தாண்டிவிடு என்றான். நாலு மூட்டையோடும் ஏறிவிட்டால் நீ எழுதினது சரிதானே என்றான். நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுத்தினேன்.

முப்பத்தொன்றில் இன்ஜின் இருமியது, இரண்டு தடவை குலுங்கியது, நின்றது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்துக்கொண்டுவிட்டது. ஏர் லாக் என்பார்கள். பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதிதான்.

வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். மேலே பத்மினியின் சத்தம் நின்றது. அறுபத்தாறு வயது மனுஷன் வளைவைச் சுற்றி வராமல், இரண்டு ரோட்டுக்கும் நடுவிலிருந்த புதர்ச் சரிவில் குறுக்கே இறங்கி வந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையில் கல்.

அப்புறம்தான் அந்தச் சத்தம். அந்தப் பேச்சு.

இரண்டாவது கல்லையும் வைத்துவிட்டு முன்னால் வந்து பானெட்டைத் திறந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நனைத்தார், பெட்ரோல் பம்ப்பின் மேல் போர்த்தினார். காய்ச்சல்காரர் நெற்றியில் போடுகிற மாதிரிப் போட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். 

உங்க வண்டி ஜெயிச்சது மாரப்பன், எழுதிவிடுகிறேன் என்றேன்.

“இது பாரத்துனால நிக்கலீங்க சார். வெயிலு. அம்பாசிடரு இந்தப் பாரத்துக்கெல்லாம் நிக்கற வண்டி இல்லீங்க.”

என் வண்டிக்கு அவர் பரிந்து பேசுகிறார். முப்பது வருஷத்தில் இது முதல் தடவை. அப்போதுதான் நான் வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்கு நிறுத்தாமல் போனது ஜெயிப்பதற்காக இல்லை, ஏற்றத்தில் வண்டியை எடுக்கத் தெரியாததால்தான் என்று. அவர் துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

“அது எங்களுக்குத் தெரியாதுங்களா? நீங்க வர்ற சத்தம் கேட்டதீமு நானும் டீச்சரம்மாவும் நிக்காமப் போயிரோணும் சாமின்னு கும்புட்டுட்டுத்தான் இருந்தோம். நின்னிருந்தீங்கன்னா உருண்டுருப்பீங்க.”

வண்டியை விட்டு இறங்கி நின்ற எஸ்தரை நான் பார்த்தேன். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். முப்பது வருஷம் நான் மறைத்து வைத்திருந்த ரகசியம் எனக்கு மட்டும்தான் ரகசியமாக இருந்திருக்கிறது.

“அதுக்கெல்லாம் கோவமில்லீங்க” என்றார் மாரப்பன். அவர் குரல் இறங்கியிருந்தது. “வண்டி நின்னுது. நின்னத நின்னுதுன்னு எழுதுங்க. உங்க ஊட்டுப் புள்ளைங்க ரெண்டையும், டீச்சரம்மாவையும் பத்தரமா ஏத்தீட்டுப் போனேனே, அத ஒரு வரி எழுதலியே சார். காலி வண்டி நின்னாப்பல எழுதிப்போட்டீங்களே.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் கிரீஸ். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்பு என்கிற சொல்லைச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. மேலேயிருந்து இறங்கி வந்த பஸ் எங்களுக்காக நின்று ஹாரன் அடித்தது. மாரப்பன் கையை விடுவித்துக்கொண்டு, போங்க, ஸ்டார்ட் பண்ணுங்க, பஸ்ஸு நிக்குது என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. 

முதல் தடவையிலேயே இன்ஜின் பற்றிக்கொண்டது, பின்னால் கல் இருந்ததால் வண்டி உருளாமல் ஏறியது.

இறக்கம்

வளப்பூரில் புண்ணாக்கை இறக்கிய வீட்டில் களியும் கீரையும் போட்டார்கள். சாப்பிட்டு எழுந்து பார்த்தால் அம்பாசிடரின் பம்ப்பிலிருந்து பெட்ரோல் கசிந்து மண்ணை நனைத்திருந்தது. இதை ஓட்டிக்கொண்டு இறங்குவது வேண்டாம், நாளைக்கு மெக்கானிக்கைக் கூட்டி வரலாம் என்று அந்த வீட்டு வாசலிலேயே விட்டோம். மூன்று பேரும் பத்மினியில் திரும்புவது என்று ஆயிற்று.

நான் பழக்கத்தில் இடதுபக்கக் கதவுக்குப் போனேன். மாரப்பன் அங்கே எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். கிளட்ச்ச மிதிச்சு முழங்கால் போச்சுங்க சார் என்று சாவியை நீட்டினார். நான் சாவியையும் அவரையும் பார்த்தேன். டாக்டரிடம் வாங்கின நாளிலிருந்து அந்த ஸ்டீரிங்கைச் சொந்த மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை அவர்.

எஸ்தர் பின்னால் ஏறிக் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சோளக்காடு தாண்டினதும் முதல் வளைவுக்கு முன்னால், ஏறுன கியர்லயே எறங்கோணும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் இரண்டாம் கியரில் போட்டேன். ஸ்டீரிங் அவ்வளவு இலேசு. இத்தனை வருஷம் வீம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இருந்ததை அன்றைக்குக் கைகள் ஒத்துக்கொண்டன.

அறுபத்தாறாம் வளைவில் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்து திரும்பினேன். மாரப்பன் கதவுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மலையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தாக வேண்டும். நானும் அடித்துக்கொண்டே இறங்கினேன். அடிவாரம் வரைக்கும் அவர் விழிக்கவே இல்லை.